‘இஸ்லாமிஸ்ட்’ என்பதைத் தமிழில் என்ன செய்வது?

கல்லூரணியான்:

ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல். சிற்றிதழ் ஒன்றுக்காக மேற்காசிய அரசியல் பற்றிய நீண்ட ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலேயே மாடு படுத்துவிட்டது. ஒரே வாக்கியத்தில் இஸ்லாமிக், இஸ்லாமிஸ்ட், ஜிஹாதிஸ்ட் என்று மூன்று சொற்கள். முதலாவது மதத்தைச் சுட்டும் வெறும் அடைமொழி. இரண்டாவது, அரசும் சட்டமும் இஸ்லாமிய நெறிப்படி அமைய வேண்டும் என்ற அரசியலைக் கொண்டவர். அவர் தேர்தலில் நிற்கலாம், கட்சி நடத்தலாம். மூன்றாவது, ஆயுதம் தூக்கியவர்.

நான் எழுதிப் பார்த்தது: ‘இஸ்லாமிய’, ‘இஸ்லாமியர்’, ‘இஸ்லாமியத் தீவிரவாதி’. படித்துப் பார்த்தால் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் பாய் இரண்டாவது வகையில் சேர்ந்துவிடுகிறார். தமிழில் ‘இஸ்லாமியர்’ என்றால் முஸ்லிம் என்றுதானே பொருள்? எகிப்தில் 2012இல் முகம்மது முர்சி வென்ற செய்தியில் ‘இஸ்லாமிஸ்ட் வேட்பாளர்’ என்பதை ‘இஸ்லாமிய வேட்பாளர்’ என்று எழுதினால், அவரிடம் தோற்ற அகமது ஷஃபீக் யார், வைணவரா?

‘இஸ்லாமியவாதி’ என்று எழுதலாம் என்கிறார் ஒரு நண்பர். ஆசிரியரோ ‘அது அச்சுப்பிழை போல இருக்கும்’ என்கிறார். வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

மெய்ப்புக்காரன்:

தம்பி, இந்த மாடு உங்களிடம் மட்டும் படுக்கவில்லை. 1978 முதல் 2005 வரை நாளிதழ் மேசையில் உட்கார்ந்தவன் நான். ஈரானில் மன்னர் ஷா ஓடிப்போய் மதத்தலைவர் கொமேனி வந்திறங்கியபோது டெலிபிரிண்டரில் ‘ஃபண்டமெண்டலிஸ்ட்’ என்ற சொல் மழையாகக் கொட்டியது. எங்கள் மேசையில் ஒருவர் ‘மதவாதி’ என்றார், ஒருவர் ‘பழமைவாதி’ என்றார். கடைசியில் ‘அடிப்படைவாதி’ நின்றது. வேடிக்கை என்னவென்றால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் இஸ்லாத்துக்கும் பிறப்பில் எந்த உறவும் கிடையாது. 1910 முதல் 1915 வரை அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகள் தங்கள் நம்பிக்கையின் அடிப்படைகளை விளக்கிச் சிறுநூல் வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். அந்த அடிப்படைகளுக்காக மல்லுக்கு நிற்கத் தயாரானவர்களுக்கு 1920இல் பாப்டிஸ்ட் இதழாசிரியர் ஒருவர் பெருமையோடு வைத்த பெயர் இது. அறுபது வருடம் கழித்து அதே சட்டையைக் கொமேனிக்கு மாட்டினார்கள். தோள் அளவு சரியா என்று நாங்களும் பார்க்கவில்லை.

அதே 1979 டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. அங்கே குர்ஆனைச் சொல்லித் துப்பாக்கி தூக்கியவர்களுக்கு இந்தச் சட்டை இல்லை. அவர்கள் ‘முஜாஹிதீன்’. ரீகன் வாயில் ‘சுதந்திரப் போராட்ட வீரர்கள்’. 1983இல் அவர்களில் சிலரை வெள்ளை மாளிகைக்கே அழைத்து உட்காரவைத்துப் பேசினார். நாங்களும் தயங்காமல் ‘ஆப்கன் போராளிகள்’ என்று தலைப்பிட்டோம். முஜாஹித் என்றாலும் ஜிஹாத் செய்பவர், ஜிஹாதிஸ்ட் என்றாலும் ஜிஹாத் செய்பவர். ஒரே அரபு வேர். நடுவில் மாறியது யாரைச் சுடுகிறார்கள் என்பது மட்டும்தான்.

இன்னொன்று, உங்கள் மூன்றாவது சொல்லில் ‘தீவிரவாதி’ வேண்டாம். ‘எக்ஸ்ட்ரீமிஸ்ட்’ தீவிரவாதி, ‘டெரரிஸ்ட்’ பயங்கரவாதி. இரவுப் பணியில் பத்தி அகலத்துக்கு எது பொருந்துகிறதோ அதைப் போட்டுப் போட்டு இரண்டையும் ஒன்றாக்கியது நாங்கள்தான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஐயப்பாடு:

சொல்லாராய்ச்சி நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இழை எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது தெரிகிறது. ‘எந்தச் சொல்லும் சரியில்லை, எனவே எதையும் சொல்லாதே’ என்று முடிப்பீர்கள்.

ஐ.எஸ். அமைப்பு தனக்குத்தானே ‘இஸ்லாமிய அரசு’ என்று 2014 ஜூன் 29 அன்று பெயர் வைத்துக்கொண்டது. அதன் தலைவர் பேசிய மேடை இராக்கின் மொசூல் நகரத்துப் பெரிய பள்ளிவாசலின் மிம்பர், அதாவது பிரசங்க மேடை. அவர்கள் அறிக்கையில் மேற்கோள்கள் எங்கிருந்து வருகின்றன? இதற்கும் மதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்வது யாரை ஏமாற்ற?

மேற்கத்திய அரசுகள் அடித்த கூத்தைப் பாருங்கள். 2005இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் தரப்பு ‘பயங்கரவாதத்துக்கு எதிரான போர்’ என்பதை ‘வன்முறைத் தீவிரவாதத்துக்கு எதிரான உலகளாவிய போராட்டம்’ என்று மாற்றப் பார்த்தது. புஷ்ஷே அதை ஏற்காமல் மீண்டும் ‘போர்’ என்றார். 2008 ஜனவரியில் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித், இஸ்லாத்தின் பெயரால் நடக்கும் குண்டுவெடிப்புகளை ‘இஸ்லாத்துக்கு எதிரான செயல்’ என்று வர்ணித்தார். 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் ஊழியர்களுக்கு ‘கடல்கடந்த எதிர்பாராச் செயற்பாடு’ என்று எழுதச் சொல்லிக் குறிப்பு போனது. வெளியூர்ப் பயணப்படி விண்ணப்பம் போல இருக்கிறது! 2020இல் பிரிட்டிஷ் போலீஸ் வட்டாரத்தில் ‘நம்பிக்கையின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் பயங்கரவாதம்’ என்று மாற்றலாமா என்று யோசித்தார்கள்.

அரசு இப்படி மென்று விழுங்கினால் ஜனங்கள் தாங்களாகவே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். அது இன்னும் முரடாக இருக்கும். டிரம்ப் 2017 பதவியேற்பு உரையிலேயே ‘தீவிர இஸ்லாமியப் பயங்கரவாதம்’ என்று முழங்கியபோது கைதட்டல் எழுந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்?

காயல் காக்கா:

ஐயப்பாடு அவர்களே, நீங்கள் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் எடுத்துக்காட்டுவது எங்கள் நூல்களிலிருந்துதான். இல்லை என்று சாதித்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் சவூதியின் தம்மாமில் 19 வருடமாக இருக்கிறேன். நீங்கள் சொன்ன அந்த மொசூல் பேச்சின் காணொளி எங்கள் அலுவலகத் தேநீர் அறைத் தொலைக்காட்சியில் ஓடியது. கறுப்புத் தலைப்பாகை, கறுப்பு அங்கி, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கலீஃபா போன்ற தோரணை. சூடானியக் கணக்காளர் ஒருவர் சர்க்கரை போடுவதை நிறுத்திவிட்டு, திரையில் இருந்த தலைவரின் வலது மணிக்கட்டைக் கரண்டியால் சுட்டிக்காட்டினார். பளபளவென்று கைக்கடிகாரம். அறையே சிரித்தது. அன்றைக்கு அந்த அறையில் ‘அல்தவ்லா அல்இஸ்லாமிய்யா’, அதாவது இஸ்லாமிய அரசு, என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் வாயிலும் ‘தாஇஷ்’தான்.

அந்தச் சொல்லைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ‘இராக்கிலும் ஷாமிலும் இஸ்லாமிய அரசு’ என்ற அரபுப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. ஷாம் என்றால் சிரியாவும் அதைச் சுற்றிய நிலமும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். நபிகள் நாயகம் வணிகத்துக்குப் போன தேசம் என்று பாட்டிமார் சொன்ன கதை. அரபு அமைப்புகள் முதலெழுத்துப் பெயர் வைத்தால் அது ஒரு நல்ல சொல்லாக விழும்படி பார்த்துக்கொள்வார்கள். பாலஸ்தீன அமைப்புகளையே பாருங்கள். ‘ஃபதஹ்’ என்றால் வெற்றி. அதற்காகவே எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கினார்கள். ‘ஹமாஸ்’ என்றால் ஆர்வம், வேகம். ‘தாஇஷ்’ என்றால் ஒன்றுமே இல்லை. அதோடு, காலால் மிதித்து நசுக்குவதைக் குறிக்கும் சொல்லின் சாயல் காதில் விழும். அவர்கள் ஆண்ட ஊர்களில் இந்தச் சொல்லைச் சொன்னவர்களைத் தண்டிப்போம் என்று மிரட்டினார்கள். பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ஃபாபியூஸ் 2014 செப்டம்பரில் ‘இஸ்லாமிய அரசு’ என்பதைக் கைவிட்டு இதை எடுத்துக்கொண்டதற்குச் சொன்ன காரணமும் அதுதான்: அது அரசும் அல்ல, அந்தப் பெயர் இஸ்லாம், முஸ்லிம்கள், இஸ்லாமிஸ்டுகள் என்ற மூன்றையும் குழப்புகிறது. கல்லூரணியான், உங்கள் மூன்றாம் பத்திச் சிக்கல் அவருக்கும் இருந்திருக்கிறது.

இங்குள்ள அரசுகள் சும்மா இருந்தன என்று நினைக்காதீர்கள். 2003இல் ரியாத்தில் குண்டு வெடித்த பிறகு சவூதி அரசு அல்காயிதாவைச் சொல்லும்போது ‘வழிதவறிய கூட்டம்’ என்றது. ஜோர்தான் மன்னர் ‘கவாரிஜ்’ என்கிறார். கவாரிஜ் என்போர் நான்காம் கலீஃபா அலீ காலத்தில் பிரிந்து வெளியேறி, தங்களோடு ஒத்துவராதவர்களைக் காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்று தீர்ப்பளித்துக் கொன்றவர்கள். உவமை பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசர்களுக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு: ஆட்சியாளரை எதிர்த்து எழுந்தவர்கள் என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. 2014 மார்ச்சில், முர்சியின் இயக்கமான முஸ்லிம் சகோதரத்துவத்தையும் சேர்த்தே சவூதி பயங்கரவாதப் பட்டியலில் போட்டது. சொல்லை வளைப்பது மேற்குலகத்தின் ஏகபோகம் இல்லை.

ஐயப்பாடு:

கடிகாரக் கதை நன்று, காக்கா. ஆனால் பிபிசி ‘தாஇஷ்’ சொல்ல ஏன் மறுத்தது? அவர்களும் முஸ்லிம் விரோதிகளா?

மெய்ப்புக்காரன்:

அதில் பிபிசி பக்கம் நியாயம் இருக்கிறது. 2015 ஜூனில் துனீசியக் கடற்கரையில் 38 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட சில நாளில் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் பிபிசி வானொலியிலேயே கேட்டார்: ‘இஸ்லாமிய அரசு’ என்று நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் கேட்கும் முஸ்லிம்கள் கூசுகிறார்கள், நிறுத்துங்கள் என்று. எதிராளியின் வசைச்சொல்லை நாங்கள் எடுத்துக்கொண்டால் நடுநிலை போய்விடும் என்று பிபிசி மறுத்தது. ‘இஸ்லாமிய அரசு என்று சொல்லிக்கொள்ளும் குழு’ என்று ஒரு வால் சேர்த்ததோடு சரி. அரசு ஒரு சொல்லைப் போடச் சொன்னால் போடுவதா என்ற கேள்வி எந்தச் செய்தி மேசைக்கும் உண்டு. அவசரநிலை நாட்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டுத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அமெரிக்கச் செய்தி நிறுவனம் அசோசியேட்டட் பிரஸ் 2013 ஏப்ரலில் தன் நடைக் கையேட்டைத் திருத்தியது. ‘இஸ்லாமிஸ்ட்’ என்பது இஸ்லாமியச் சட்டப்படி அரசையும் சமூகத்தையும் மாற்றி அமைக்க விரும்பும் அரசியல் இயக்கத்தவர். ஆயுததாரிக்கும் தீவிரவாதிக்கும் மாற்றுச் சொல்லாக அதைப் போடாதே, அவர் இஸ்லாமிஸ்டாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றது. தம்பி, உங்கள் ஆசிரியரிடம் இதைக் காட்டுங்கள்.

காயல் காக்கா:

ஒன்று விட்டுப்போயிற்று. 2001 செப்டம்பர் 16 அன்று புஷ் ‘இந்தக் குருசேடு’ என்றாரே. ஆங்கிலத்தில் மதுவிலக்குப் பிரச்சாரத்துக்கும் குருசேடு என்பார்களாம். அரபியில் அது ‘ஸலீப்’ கலந்த சொல்லாக, அதாவது சிலுவைப் போராகத்தான் போய் விழும். தமிழிலும் அதேதான். மறுநாளே வாஷிங்டன் பள்ளிவாசலுக்குப் போய் ‘இஸ்லாம் என்றால் அமைதி’ என்று பேசினார். படை நடவடிக்கைக்கு முதலில் வைத்த ‘எல்லையற்ற நீதி’ என்ற பெயரையும் மாற்ற வேண்டி வந்தது. எல்லையற்ற நீதி இறைவனிடம் மட்டுமே உண்டு என்று முஸ்லிம்கள் சொன்னதால் ‘நிலைத்த சுதந்திரம்’ ஆயிற்று. இத்தனைக்கும் பிறகு 2006 ஆகஸ்டில் அவரே ‘இஸ்லாமிய ஃபாசிஸ்டுகளோடு போர்’ என்றார். ஒரே மனிதர், ஐந்தே வருடம்.

மட்டுநகராள்:

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

இலங்கையில் ‘பயங்கரவாதி’ என்ற சொல் 1979இல் சட்டப் புத்தகத்தில் ஏறியது. பயங்கரவாதத் தடைச் சட்டம். அன்றிலிருந்து அது யாரைக் குறித்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது அந்தச் சொல் நம் நெற்றியில் எழுதியிருக்கிறதோ என்று தோன்றும். அமெரிக்கா 1997 அக்டோபரில் வெளியிட்ட முதல் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகள் பட்டியலில் புலிகளும் இருந்தார்கள், ஹமாஸும் இருந்தது. இரண்டுக்கும் அமைப்பின் பெயர் மட்டும்தான். மத அடைமொழி எவருக்கும் இல்லை. அந்தப் பட்டியலை நான் பாராட்டவில்லை. ஆனால் சட்டம் எழுதும்போது பெயரோடு நிறுத்திக்கொண்டவர்கள் மேடை ஏறினால் மட்டும் அடைமொழி தேடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. நாடு முழுவதும் 250க்கும் மேற்பட்டோர் போனார்கள். முக்கியமான ஆள் பக்கத்திலேயே, காத்தான்குடிக்காரர். அங்குள்ள முஸ்லிம்களே அவரைப் பற்றி முறையிட்டிருக்கிறார்கள். 2017இல் நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவு. அவருடைய அமைப்பின் பெயரில் ‘தவ்ஹீத் ஜமாஅத்’ இருந்தது. தவ்ஹீத் என்றால் இறைவன் ஒருவனே என்ற கொள்கை, ஜமாஅத் என்றால் கூட்டம். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அதே இரண்டு சொற்களைக் கொண்ட, இதில் தொடர்பில்லாத வேறு அமைப்புகள் உண்டு. ஒரே வாரத்தில் அத்தனை பேரும் ‘நாங்கள் அவர்கள் இல்லை’ என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. எங்கள் தெருவுக்குத் துணி கொண்டுவரும் காத்தான்குடிக் காக்கா அதன் பிறகு இரண்டு மாதம் வரவில்லை. வந்தபோது மூட்டையை அவரே அவிழ்த்து, ஒவ்வொரு துணியாக உதறிக் காட்டினார். நாங்கள் கேட்கவில்லை. சோதனைச் சாவடியில் நாங்கள் பையை அவிழ்த்துக் காட்டிய அதே மாதிரி.

கல்லூரணியான்:

அக்கா, இதற்குப் பதில் எழுத எனக்குக் கொஞ்ச நேரம் வேண்டும்.

மெய்ப்புக்காரன்:

பழைய பெயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். சோமாலிலாந்தில் முகம்மது அப்துல்லா ஹசன் இருபது வருடம் பிரிட்டிஷாரை எதிர்த்தார். லண்டன் பத்திரிகைகளில் அவர் ‘பைத்தியக்கார முல்லா’. வடமேற்கு எல்லையில் சண்டையிட்டவர்கள் ‘ஹிந்துஸ்தானி வெறியர்கள்’. நம் சென்னை மாகாணத்திலேயே, மலபாரின் மாப்பிள்ளைமார்களை அடக்க 1854இல் ‘மாப்பிள்ளைக் கொடுஞ்செயல்கள் சட்டம்’ போட்டார்கள். ஒரு சமூகத்தின் பெயரே சட்டத்தின் பெயர். குத்தகை, நிலம், ஜன்மிகள் எனும் நிலவுடைமையாளர்களின் பிடி என்பதெல்லாம் கோப்பில் எழுதப்படாமல் இல்லை, ஆனால் முதல் வரியில் ‘வெறி’ வந்துவிட்டால் பிறகு யார் வாசிக்கிறார்கள்? 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியில் பிடிபட்டு, நவம்பரில் திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டியில் ஏற்றப்பட்டவர்களைப் போத்தனூரில் கதவைத் திறந்து பார்த்தபோது பலர் மூச்சுமுட்டி மாண்டிருந்தார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்தால் சுமார் எழுபது பேர்.

ஐயப்பாடு:

1921இல் இந்துக்கள் கொல்லப்பட்டதும் கட்டாயமாக மதம் மாற்றப்பட்டதும் இந்தக் கதையில் எங்கே?

மெய்ப்புக்காரன்:

நடந்தது. சேர்த்துக்கொள்ளுங்கள். ‘விவசாயப் போராட்டம்’ என்று மட்டும் எழுதினால் அது மறையும், ‘வெறி’ என்று மட்டும் எழுதினால் சரக்குப் பெட்டி மறையும்.

கல்லூரணியான்:

ஐயப்பாடு முன்பு கேட்டதற்கு வருகிறேன். ‘தீவிர இஸ்லாம்’ என்று சொல்ல மறுத்த ஒபாமா, 2016 ஜூனில் ஆர்லாண்டோ இரவு விடுதிப் படுகொலைக்குப் பிறகு எரிச்சலோடு கேட்டார்: அந்த முத்திரையைக் குத்தினால் என்ன சாதிக்கப்போகிறோம், வேறு பெயர் சொல்வதால் ஆபத்து போய்விடாது என்று.

ஐயப்பாடு:

அங்கேதான் அவர் வழுக்குகிறார். பெயரால் ஒன்றும் ஆகாது என்றால், ‘ஜிஹாதி’ என்று எழுதாதே, ‘முஜாஹித்’ என்று எழுதாதே என்று அமெரிக்க அரசு அலுவலகங்கள் 2008இல் ஏன் குறிப்பு மேல் குறிப்பு அனுப்பின? பெயருக்கு வலிமை உண்டு என்று நம்பித்தானே? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

கல்லூரணியான்:

இதற்கு என்னிடம் நேர்ப்பதில் இல்லை. நீங்கள் சொல்வது சரி, பெயருக்கு வலிமை உண்டு. அதனால்தான் பேரம் பேசும்போதெல்லாம் அதை மாற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். 2015 ஜனவரியில் வெள்ளை மாளிகைப் பேச்சாளர் ஒருவர், தாலிபான் ‘ஆயுதக் கிளர்ச்சி’, ஐ.எஸ். ‘பயங்கரவாதக் குழு’ என்று பிரித்துக் காட்டினார். அப்போது தாலிபானோடு கைதிகள் பரிமாற்றம் நடந்து முடிந்திருந்தது. சிரியாவின் ஆயுதக் குழுத் தலைவர் அகமது அல்ஷரா தலைக்கு அமெரிக்கா ஒரு கோடி டாலர் விலை வைத்திருந்தது, அப்போது அவர் ஜொலானி என்ற போர்ப்பெயரில் இருந்தார். 2024 டிசம்பரில் டமாஸ்கஸைப் பிடித்தார். அதே மாதம் விலை நீங்கியது. 2025 மேயில் ரியாத்தில் டிரம்ப் கைகுலுக்கினார், ஜூலையில் அவருடைய அமைப்பு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. ‘தீவிர இஸ்லாமியப் பயங்கரவாதம்’ என்று முழங்கியவரும் அதே டிரம்ப்தான்.

ஐயப்பாடு:

இதை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி அப்படியே இருக்கிறது என்பதையும் பதிவுசெய்கிறேன்.

காயல் காக்கா:

நல்லது. தம்பி, வியாழக்கிழமைக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?

கல்லூரணியான்:

முடிவு செய்தது இதுதான். மதத்தைச் சுட்டும் இடத்தில் மட்டும் ‘இஸ்லாமிய’. ஆட்களைச் சொல்லும்போது ‘முஸ்லிம்’, ‘இஸ்லாமியர்’ வேண்டாம். ‘இஸ்லாமிஸ்ட்’ வரும் இடத்தில் ‘இஸ்லாமியவாத’, முதல் முறை வரும்போது அரை வரி விளக்கம். ஆயுதம் தூக்கியவர்கள் வந்தால் அமைப்பின் பெயர், முடிந்தால் ஊர். அந்த மூன்றாம் பத்தி வாக்கியம் இப்படி வந்திருக்கிறது:

‘இஸ்லாமியச் சட்டப்படி ஆட்சி அமைய வேண்டும் என்ற இஸ்லாமியவாதக் கட்சிகள் தேர்தலை நம்பின, ஐ.எஸ். அமைப்போ அவர்களையும் சேர்த்தே மதத்துரோகிகள் என்றது. இரண்டுக்கும் நடுவில் வாக்குச்சாவடியில் நின்றவர்களில் பெரும்பாலோர் இரண்டையும் சேராத முஸ்லிம்கள்.’

மட்டுநகராள்:

இதில் துணிக்காரக் காக்காவுக்கும் இடம் இருக்கிறது.

கல்லூரணியான்:

இதழ் இன்று கைக்கு வந்தது. உள்ளே ஒரு சொல்லும் மாறவில்லை. அட்டையில் மட்டும் ‘இஸ்லாமியத் தீவிரவாதிகள்: யார், ஏன்?’ என்று போட்டிருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டேன். அட்டையில் இடம் இல்லையாம்.

மெய்ப்புக்காரன்:

நானும் இருபத்தேழு வருடம் சொன்ன சாக்குதான் அது. எண்ணிப் பார்த்தேன்: இரண்டு சொல்லும் சேர்ந்து 13 எழுத்து. அந்த இடத்தில் ‘ஐ.எஸ்.’ என்று போட்டால் மூன்றே எழுத்து.